வில்லியம் ஹோயும் உயர்த்திய கையும்

மக்களைப் புகழ்வதிலும் நீதி வேண்டும். ஒருவர் செய்த அருஞ்செயலை மறைத்தல் அநீதி என்பதை யாவரும் ஒப்புவர். அவர் செய்யாத ஒன்றை அவர்மேல் ஏற்றிக் கொண்டாடுதலும் அநீதியே என்பதை ஒப்புவோர் சிலரே. ஏற்றிக் கூறிய புகழ் ஐயத்துக்கு இடமாகும் நாளில், மெய்யான புகழும் அதனோடு சேர்ந்து சரிகின்றது. அன்றியும், கதையின் இனிமையில் மயங்கியவர், மெய்ச் செய்தியினின்று தாம் கற்கவேண்டிய பாடத்தைக் கல்லாதொழிகின்றனர். இதற்கு எடுத்துக்காட்டாக அமெரிக்க நாட்டுப் பந்தாட்டக்காரர் ஒருவரின் வரலாற்றை ஈண்டு ஆராயப் புகுந்தேன். அவர் பெயர் வில்லியம் எல்ஸ்வொர்த் ஹோய். குழந்தைப் பருவத்திலேயே செவிப்புலனை முற்றும் இழந்த அவர், 1888 முதல் 1902 வரையில் பதினான்கு பருவங்கள் அந்நாட்டின் முதல்தரக் கழகங்களில் தொழில்முறை ஆட்டக்காரராக விளங்கினார்.

அவர் ஆடிய ஆட்டம் பேஸ்பால். நம்மவருட் பலர் கிரிக்கெட் அறிவரேயன்றி இதனை அறியார். ஆதலின் வேண்டிய அளவு மட்டும் கூறிச் செல்கின்றேன். பந்தெறிவோன் எறியும் பந்து, அடிப்போன் அடித்தற்குரிய எல்லைக்குள் வந்ததா, விலகிச் சென்றதா என்பதை நடுவர் ஒவ்வொரு முறையும் உரக்கக் கூறுவார். முன்னதை நேர்பந்தென்றும் பின்னதை விலகுபந்தென்றும் இக்கட்டுரையில் வழங்குவோம். இக்கால விதிப்படி நேர்பந்து மூன்றானால் அடிப்போன் ஆட்டமிழப்பான். விலகுபந்து நான்கானால் அடியாமலே முதல் தளத்துக்கு நடந்து செல்லும் உரிமை பெறுவான். ஹோயின் இளமையில் இவ்வெண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு மாறி வந்ததாயினும் முறை இதுவே. எனவே, எத்தனை நேர்பந்து, எத்தனை விலகுபந்து என்னுங் கணக்கை அறியாத அடிப்போன், கண்ணைக் கட்டிக்கொண்டு வாணிகஞ் செய்பவனை ஒப்பான். இனி, களத்தின் தொலைவில் இடப்புறம், நடு, வலப்புறம் என மூவர் நிற்பர். வானுயரப் பறந்து வரும் பந்தை நோக்கி இருவர் ஒருங்கே ஓடுவராயின், ஒருவரோடொருவர் மோதி எலும்பு முறிதலும் உண்டு. அதனைத் தவிர்த்தற்கு அவர் கொண்ட வழி, 'என் பந்து' என்று கூவுதலே. அடிக்கும்போது நடுவரின் குரலையும், பந்தைப் பிடிக்கும்போது தோழரின் குரலையும் கேட்டே ஆடவேண்டிய இவ்வாட்டத்தில், ஒன்றுமே கேளாத ஒருவர் நடுக்களத்தில் நின்றார் என்பதை வாசகர் மனத்தில் கொள்க.

ஹோய் 1862ஆம் ஆண்டு மே மாதம் 23ஆம் நாள், ஒஹையோ மாகாணத்தில் ஹௌக்டவுன் என்னுஞ் சிற்றூரில் பிறந்தார். மூளைச்சவ்வில் உண்டான காய்ச்சலால் செவியுணர்வு அழிந்தது. மாகாணத் தலைநகராகிய கொலம்பஸில் செவிடர்க்கென நடைபெற்ற பள்ளியிற் சேர்ந்து கற்று, 1879இல் வகுப்பின் முதல் மாணாக்கராகத் தேறி வெளிவந்தார். அம்முதன்மைக்கு உலகம் தந்த பரிசு யாது? செருப்புத் தைக்கும் பலகை ஒன்றே. கைத்தொழிலை இழித்துக் கூறுவது என் கருத்தன்று. ஹோயும் அத்தொழிலை ஊன்றியே செய்தார். ஆயினும் பள்ளியின் முதல் மாணாக்கர்க்கும் அவர் காலத்து உலகம் திறந்து வைத்த வாயில் அவ்வளவே என்பது நினைக்கத் தக்கது. அந்நாட்டுப்புறத்தில் கோடைகாலத்தில் மக்கள் பலர் வெறுங்காலோடு நடந்தமையால், செருப்புக் கடைக்கு வேலை குறைவு. கடை வாயிலில் ஊர்ச் சிறுவரோடு பந்தாடுதற்குப் பொழுது கிடைத்தது. அவ்வாறு ஆடிய ஆட்டமே அவரை 1886இல் விஸ்கான்ஸின் மாகாணத்து ஆஷ்காஷ் நகரக் குழுவில் ஊதியம் பெறும் ஆட்டக்காரராகக் கொண்டு சேர்த்தது.

அங்கே முதலாண்டில் அவர் அடித்த அடிகள் சொற்பம். காரணம் அவர் கையிலோ கண்ணிலோ இல்லை. ஒவ்வொரு பந்து வந்தபின்னும், நடுவர் கூறியது யாதென அறிதற்கு அவர் திரும்பிப் பார்க்கவேண்டியிருந்தது. எதிர்க்குழுப் பந்தெறிவோர் இதனை விரைவில் கண்டுகொண்டனர். அவர் திரும்பி நிலைகொள்ளும் முன்னரே அடுத்த பந்தை எறிந்தனர். ஆட்டவிதி அதனைத் தடுக்கவில்லை. மனிதப் பண்பு தடுத்திருக்கலாம், அதுவும் தடுக்கவில்லை.

இந்நிலையில் பலர் இரண்டில் ஒன்றைச் செய்திருப்பர். ஊழை நொந்து செருப்புக் கடைக்கு மீண்டிருப்பர். அன்றேல் தமக்கெனச் சலுகை வேண்டி மன்றாடியிருப்பர். ஹோய் இரண்டும் செய்தாரில்லை. தம் இடர் எவ்விடத்தில் உள்ளது என்று நுணுகி ஆராய்ந்தார். பந்தை அடிப்பதற்குச் செவி வேண்டுவதில்லை. தளம் சுற்றி ஓடுவதற்கும் வேண்டுவதில்லை. நடுவரின் ஒரு சொல்லை அறிவதற்கு மட்டுமே வேண்டும். அந்த ஒரு சொல் கண்ணுக்குப் புலனாகுமாயின் இடர் முழுதும் ஒழியும். ஆகவே, மூன்றாம் தளத்தருகே நிற்கும் தம் குழுவின் பயிற்சியாளரிடம் ஒன்றே ஒன்று வேண்டினார். நேர்பந்தாயின் வலக்கையை உயர்த்துக. விலகுபந்தாயின் இடக்கையை உயர்த்துக என்பதே அது. வலக்கையைத் தேர்ந்ததற்கு அவர் பிற்காலத்தில் நயமான காரணமும் கூறினார். ஆங்கிலத்தில் வலப்புறத்தைக் குறிக்கும் சொல்லே 'சரி' என்றும் பொருள்படுதலால், பந்து சரியாக வந்தது என்பதற்கு வலக்கை பொருந்துமாம். மறு ஆண்டு, 1887இல், அவருடைய ஆட்டம் பெரிதும் உயர்ந்தது. ஆஷ்காஷ் குழு அக்கழகத்தின் வெற்றிக்கொடியைப் பெற்றது. அவர் செவி மட்டும் முன்போலவே இருந்தது.

நடுக்களத்து இடரையும் அவர் இவ்வாறே தீர்த்தார். 1888இல் வாஷிங்டன் நகரக் குழுவிற் சேர்ந்தபோது, தம்மைச் சூழ நின்று ஆடுவோர்க்கு ஓர் அறிவிப்பு எழுதி வைத்தார். தாம் முற்றும் செவிகேளாதவர் என்பதை அதில் மறைக்கவில்லை; அதற்காக இரங்கும்படி கேட்கவுமில்லை. ஒருவரோடொருவர் மோதாதிருக்க ஓர் உடன்பாடு வேண்டும் என்று கூறி, பந்தைத் தாம் பிடிக்கப் போகும்போது குரல் எழுப்புவதாகவும், தம் குரல் கேளாதபோது பந்தைப் பிறர் பிடித்துக்கொள்ளலாம் என்றும் வரையறுத்தார். இதன் நுட்பத்தை நோக்குக. பிறர் கூவுவதை அவர் கேட்க இயலாது. ஆனால் அவர் கூவுவதைப் பிறர் கேட்கலாம். எனவே கேட்கும் கடமையைக் கேட்க வல்லார்மேல் வைத்தார். பிற்காலத்தில் சின்சினாட்டியில் அவர் அருகே நின்று ஆடிய சாம் கிராபோர்ட் என்னும் புகழ்பெற்ற வீரர், ஹோய் எழுப்பும் கீச்சென்ற சிற்றொலியைக் கேட்டதும் பந்தை அவருக்கு விட்டுவிடுவது வழக்கமென்று முதுமையில் நினைவுகூர்ந்திருக்கின்றார்.

இவ்வேற்பாடுகளின் பயனை எண்களே கூறும். வாஷிங்டனில் தம் முதற் பருவத்திலேயே 82 தளங்களைத் 'திருடி' நேஷனல் லீக் கழகத்தில் முதல்வரானார். தளந் திருடுதலாவது, பந்தெறிவோன் அயர்ந்த நொடி பார்த்து அடுத்த தளத்துக்கு ஓடிச் சேர்தல். அக்காலத்தில் இதனைக் கணக்கிட்ட முறை பின்வந்த முறையினும் தாராளமானது என்பதையும் நேர்மை கருதிச் சொல்லவேண்டும். ஆயினும் ஏனையோர்க்கும் அதே கணக்கு முறைதானே? 1889ஆம் ஆண்டு ஜூன் 19ஆம் நாள், இண்டியானபோலிஸ் குழுவோடு நிகழ்ந்த ஆட்டத்தில், களத்தின் கோடியிலிருந்து பந்தை எறிந்து, ஓட்டம் முடிக்க வந்த மூவரை அடிக்குந் தளத்தருகே வீழ்த்தினார். அவர் எறிந்த பந்துகளை அங்கே பிடித்து நின்றவர், பின்னாளில் பெரும்புகழ் எய்திய கானி மேக். பந்து நல்லதா அல்லதா எனத் தேர்ந்து விலகுபந்தை விடுவதில் ஹோய் மிக வல்லவர். 1891இலும் 1901இலும் தாம் ஆடிய கழகங்களில் விலகுபந்தால் நடை பெறுவோருள் முதல்வராயிருந்தார். அக்காலத்தில் முதல்தரமெனப்பட்ட நான்கு கழகங்களில் ஆடினார். 1901இல் அமெரிக்கன் லீக் கழகத்தின் வெற்றிக்கொடியைப் பெற்ற சிக்காகோ குழுவில் அவரும் ஒருவர். 1902இல் முதல்தரக் கழகங்களை விட்டு நீங்கும்போது அவர் கணக்கில் 2,000க்கு மேற்பட்ட அடிகளும், 1,400க்கு மேற்பட்ட ஓட்டங்களும் இருந்தன.

இவ்வளவு மெய்யான புகழ் இருக்க, உலகம் அவரை எதனால் நினைக்கின்றது? இன்று பேஸ்பால் நடுவர் நேர்பந்துக்குக் கையை உயர்த்திக் குறி காட்டுகின்றனர். அவ்வழக்கம் ஹோயின்பொருட்டே தோன்றியது என்பது பரவலான கதை. அவர் பெயரை அறிந்தாருட் பலர் இக்கதை ஒன்றையே அறிவர். கிராபோர்டும் அவ்வாறே நம்பினார். ஆயின் சான்றுகளை நோக்கின் கதை உறுதியாக நிற்கவில்லை. ஹோய்க்குக் கைக்குறி காட்டியவர் அவருடைய குழுவின் பயிற்சியாளரேயன்றி நடுவரல்லர் என்பது அவர் தாமே கூறியதனால் விளங்கும். நடுவர் கைக்குறியை ஏற்படுத்தியவராகக் கூப்பர்ஸ்டவுன் நகரத்துப் புகழ் மண்டபத்தின் பலகை குறிப்பது பில் கிளெம் என்பவரை. அவரோ 1905இல்தான் முதல்தரக் கழகத்துக்கு நடுவராக வந்தார். ஹோய் முதல்தரக் கழகங்களை விட்டு நீங்கி அப்போது மூன்றாண்டுகள் கழிந்திருந்தன. இன்னும், ஹோய் கற்ற அதே பள்ளியிற் கற்றுத் தேறிய எட்வர்ட் டண்டன் என்னும் செவிகேளா ஆட்டக்காரர் 1886இல் ஓர் ஆட்டத்துக்குத் தாமே நடுவராக நின்று கைவிரல்களால் கணக்குக் காட்டியதாகச் செய்தி உண்டு. ஆகவே, இவ்வழக்கத்துக்குத் தந்தை ஒருவரே என்று துணிவது அரிது.

ஹோயைக் கூப்பர்ஸ்டவுன் மண்டபத்தில் சேர்க்கவேண்டும் என வாதிப்போருட் சிலர் இக்கதையையே தம் வாதத்தின் தூணாக நாட்டுகின்றனர். இது தவறு என்பது என் துணிபு. தூண் ஆடும்போது மாளிகையும் ஆடும். அவர் மறைந்து அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அம்மண்டபம் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை; சேர்க்கத்தக்கவரா அல்லரா என்பது அடிகளையும் ஓட்டங்களையும் கொண்டு முடிவு செய்யவேண்டியது. அதனினும் பெரிய தவறு ஒன்றுண்டு. கதையில் ஹோய் யாது செய்கின்றார்? ஒன்றுமே செய்யவில்லை, நடுவர் இரங்கிக் கை உயர்த்துகின்றனர், அவர் பெற்றுக்கொள்கின்றார். மெய் வரலாற்றிலோ, இடரைக் கண்டவர் அவர். வழியை வகுத்தவர் அவர். கையைத் தேர்ந்தவரும் அவரே. செவியுள்ளார்க்கு இக்கதை இனிப்பதன் காரணம் இதுவென்று ஐயுறுகின்றேன்: அது நம்மை வள்ளல்களாகக் காட்டுகின்றது.

அவர்க்கு வழங்கிய பெயரிலும் இவ்வநீதி உறைகின்றது. அக்காலப் பத்திரிகைகள் செவிகேளா ஆட்டக்காரர் அனைவரையும் 'டம்மி' என்றே எழுதின. பேசாதவன் என்றும் அறிவிலி என்றும் இருபொருள் தரும் சொல் அது. வகுப்பின் முதல் மாணாக்கர் ஆயுள் முழுதும் இப்பெயரைச் சுமந்தார். அவர் அதனை வெறுத்தாரில்லை என்பதும், தாமே அதனை வழங்கினார் என்பதும் மெய். ஒருவர் தம் சுமையை முகங்கோணாது சுமந்தார் என்பது, அதனைத் தலையில் ஏற்றியவர்க்கு நற்சான்றாகாது. நம் ஊர்களிலும் நொண்டி, செவிடு, குருடு என உறுப்பின் குறையையே பெயராக்கி அழைக்கும் வழக்கம் அழிந்துவிட்டதா என்பதை அவரவர் நெஞ்சு அறியும்.

'ஹோய் ஒப்பற்ற திறமுடையவர். அவரைக்கொண்டு ஏனையோர்க்கு விதி கூறலாமோ?' என்று ஒரு தடை நிகழலாம். அவர் திறம் ஒப்பற்றதே. ஆனால் அதே திறம் 1886இலும் அவரிடம் இருந்தது; எனினும் அவ்வாண்டு வெளிப்படவில்லை. இரண்டாண்டுகளுக்கும் இடையே தோன்றிய வேறுபாடு உயர்த்திய ஒரு கையே. 1902ஆம் ஆண்டு மே மாதம், நியூயார்க் குழுவின் பந்தெறிவோராகிய லூதர் டெய்லரை ஹோய் எதிர்த்து ஆடினார். டெய்லரும் செவிகேளாதவர். முதல்தர ஆட்டத்தில் அத்தகையார் இருவர் எதிர்நின்றது அதுவே முதன்முறை. இருவரும் கைமொழியால் வணக்கங் கூறிக்கொண்டனர். அக்களத்தில் அன்று குறைபட்டவர் யாவர்? அவர்கள் பேசியதை அறியமாட்டாத பல்லாயிரவர் அன்றோ?

இக்கட்டுரையை எழுதத் தூண்டிய காரணத்தையும் மறையாது கூறுவேன். பல ஆண்டுகளுக்கு முன், வேறோர் ஊரில் ஒரு பள்ளியில் ஆசிரியனாயிருந்தேன். என் வகுப்பில் கடைசிப் பலகையில் ஒரு மாணாக்கன் அமர்ந்திருப்பான். அவன் ஏட்டில் பாதி வாக்கியங்கள் தலையின்றியும் பாதி வாலின்றியும் கிடக்கும். மந்தன் என்று முடிவு செய்தேன்; அவ்வாறே பலர்முன் கூறியும் விட்டேன். ஒருநாள் அவன் பக்கத்துப் பையன் எழுந்து, "ஐயா, தாங்கள் கரும்பலகையைப் பார்த்துப் பேசுகிறீர்கள். எங்கள் பக்கம் திரும்பிப் பேசினால் அவனுக்கு விளங்கும். அவன் தங்கள் உதட்டைப் பார்த்துத்தான் எழுதுகிறான்" என்றான். அவனுக்குச் செவி மந்தம் என்பதை ஈராண்டுகளாக நான் அறிந்திலேன். மறுநாள் முதல் அவனை முன் பலகைக்கு அழைத்துக்கொண்டு, முகம் திருப்பிப் பேசலானேன். எனக்கு அதனால் ஆன செலவு ஒன்றுமில்லை. அவ்வாண்டிறுதியில் அவன் ஏட்டைத் திருத்தியபோது, நான் வெட்கத்தால் தலைகுனிந்தேன். ஆஷ்காஷ் நகரில் ஹோய் திரும்புமுன் பந்தை எறிந்தவர்களை இன்று பழிக்கப் புகும்போதெல்லாம், கரும்பலகையை நோக்கிப் பேசிய ஓர் ஆசிரியனை நினைந்து நாவை அடக்குகின்றேன். அவர்கள் அறிந்து செய்தனர். நான் அறியாது செய்தேன். மாணாக்கனுக்கு விளைந்த தீங்கில் வேறுபாடு யாது?

ஆதலின், மாணாக்க நண்பர்களே, ஆசிரியப் பெருமக்களே, ஹோயின் வரலாற்றினின்று நாம் கொள்ளத்தக்கது இது. குறையுடையார் என்று நாம் கருதுவோரிடம் இரக்கத்தோடு செல்லுமுன், 'எவ்விடத்தில் இடர்? யாது செய்தால் நீங்கும்?' என்று அவரையே வினவுவோம். விடை பெரும்பாலும் சிறியதாயிருக்கும். ஒரு கை உயர்த்துதல், ஒரு முகம் திருப்புதல், ஒரு பலகை முன்னிடுதல். அதன்பின் அவர்க்குச் சலுகை காட்டவேண்டுவதில்லை. ஏனையோரோடு ஒப்ப ஆடவிடுதலே போதும்.

ஆட்டத்தினின்று ஓய்ந்தபின் ஹோய் சின்சினாட்டி நகரை அடுத்து மவுண்ட் ஹெல்தி என்னுமிடத்தில் பாற்பண்ணை நடத்தினார். அவர் மனைவியாரும் செவிகேளாதவர். ஆசிரியராய்ப் பணி செய்தவர். அவர்கள் வீட்டு வாயிலில் மணிக்குப் பதிலாக ஒரு குமிழ் இருந்ததென்றும், வந்தோர் அதனை இழுத்தால் உள்ளே ஈயக்குண்டு ஒன்று தரையில் விழ, அதன் அதிர்வைக் காலால் உணர்ந்து கதவு திறப்பரென்றும் உடன் ஆடிய ஒருவர் கூறியுள்ளார். முதல் உலகப் போர்க் காலத்தில் குட்இயர் ரப்பர்த் தொழிற்சாலையில் செவிகேளாத் தொழிலாளர்க்கு மேலாளராகவும் இருந்தார். செவிகேளாதோர்க்கான வாஷிங்டன் நகரத்துக் கல்லாடெட் பல்கலைக்கழகத்தின் பேஸ்பால் களம் இன்று அவர் பெயரால் வழங்குகின்றது.

1961ஆம் ஆண்டு அக்டோபர் 7ஆம் நாள், சின்சினாட்டியின் கிராஸ்லி களத்தில், உலகத் தொடர் என்னும் பெரும் போட்டியின் மூன்றாம் ஆட்டத்தைத் தொடங்கிவைக்க அவரை அழைத்தனர். அப்போது அவர்க்கு வயது 99. முதற்பந்தைத் தம் கையால் எறிந்தார். அவர் ஆடிய காலத்தில், நல்லாட்டம் கண்ட மக்கள் எழுந்து நின்று, அவர் காணும்படி தொப்பிகளையும் கைகளையும் வீசி ஆரவாரிப்பர் என்பர். கேளாத செவிக்குக் கைதட்டிப் பயனில்லை என்பதை அந்த எளிய மக்கள் உணர்ந்திருந்தனர். அவ்வாண்டு டிசம்பர் 15ஆம் நாள் ஹோய் மறைந்தார். அவர் வேண்டிப் பெற்றது ஒரு கை உயர்த்தலே. அதற்கு ஈடாக அவர் தந்தது பதினான்கு பருவங்களின் ஆட்டம்.